ராஜா முகம்மதுவும் ஒரு ஜோடி ரப்பரும்

கம்பத்தில் ஜீப் டிரைவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ராஜா முகம்மது மாதிரி வாயுள்ள ஆள் ஒருத்தன்தான் இருந்தான். அது ஊர் செய்த புண்ணியம். இன்னொருத்தன் இருந்திருந்தால் பாதிப்பேர் மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு தேவாரம் பக்கம் குடிபோயிருப்பார்கள்.

விடிவதற்குள் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் பெண்களை ஜீப்பில் அடைத்துக்கொண்டு கம்பம் மெட்டு ஏறுவதும், சாயங்காலம் அவர்களையே அடைத்துக்கொண்டு இறங்குவதும் அவன் பிழைப்பு. அடைத்துக்கொண்டு என்று சொல்வதில் ஒரு மிகையும் இல்லை. பின்பலகையில் இரண்டு வரிசை, அந்த வரிசைகளின் மடியில் கொஞ்சம் பேர், நடுவில் தூக்குச்சட்டிகள், சட்டிகளுக்கு நடுவில் கால்கள். செக்போஸ்ட்டுக்கு ஒரு வளைவு முன்னால் ஜீப் நிற்கும். பாதிப்பேர் இறங்கி, ஏதோ கோயிலுக்குப் போகிறவர்கள் மாதிரி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தே அந்தப் பக்கம் போவார்கள். மிச்சப்பேரோடு ஜீப் யோக்கியமாக ஊர்ந்து தாண்டும். தாண்டிக் கொஞ்ச தூரத்தில் எல்லாரும் மறுபடி ஏறிக்கொள்வார்கள். தினமும் நடக்கிற இந்த நாடகத்துக்கு ராஜா முகம்மதுவின் வர்ணனை இலவசம். யார் நடை வாத்து நடை, யார் நடை வாடகை பாக்கி வைத்தவன் நடை என்று ஸ்டியரிங்கில் சாய்ந்துகொண்டு ஒவ்வொருத்தியாகச் சொல்லி முடிப்பான்.

ஜீப்புக்கு வருவதற்கு முன்னால் அவன் கை வைக்காத தொழில் இல்லை. வைத்த இடம் எதுவும் விளங்கியதும் இல்லை. பன்னீர் திராட்சைத் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தான். அறுப்புக்கு நான்கு நாள் இருக்கும்போது மழை பிடித்துப் பழமெல்லாம் கொடியிலேயே வெடித்தது. கறிக்கடை போட்டான். எலும்பு ஜாஸ்தியாக இருக்கிறது என்று சொன்னவரிடம், உங்களுக்கே உடம்பில் அதுதானே ஜாஸ்தி என்றான். கடை நிலைக்குமா? பிறகு சவுதிக்குப் போனான். அங்கே அரபி ஒருநாள் இவனை அரபியில் திட்ட, இவன் அவரைத் தமிழில் திட்டினான். பாஷை புரியாவிட்டாலும் சங்கதி அவருக்கு நன்றாகவே புரிந்துவிட்டது. அடுத்த பிளேனில் ஊர் வந்து சேர்ந்தான். சுருளிராஜன் என்கிற ஏலக்காய் வியாபாரி தன் ஜீப்பை இவனிடம் கொடுத்ததற்கு ஒரே காரணம், இவன் குடிக்கமாட்டான். இவனுக்கு முன்னால் ஓட்டியவன் காலையிலேயே வாடையோடு வருகிற ஆள்.

இப்படி நாற்பத்து நாலு வயசு வரைக்கும் ஓடிய வண்டிக்கு, இரண்டாயிரத்து மூன்றாம் வருசம் தை மாதம் சர்க்கரை வந்தது.

அவன் அத்தாவுக்கும் இதே வியாதிதான். செருப்புக் கடித்த புண்ணில் ஆரம்பித்தது. முதலில் கட்டைவிரல் போனது, அப்புறம் பாதம், அப்புறம் முழங்கால் வரைக்கும். கடைசி வருசம் முழுக்க அந்த மனுசர் கட்டிலில் கிடந்து, இல்லாத காலைச் சொறிந்துவிடச் சொல்லி மகனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ராஜாவும் போய் உட்கார்ந்து வெறும் போர்வையைச் சொறிந்துவிடுவான். இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. யாராவது அத்தாவைப் பற்றிக் கேட்டால், "எங்கத்தா செருப்புல பாதிய மிச்சம் பிடிச்ச ஆளு" என்று சொல்லிச் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவான். இப்போது தனக்கும் அதுதான் என்று டாக்டர் சொன்னதும், அவன் முதலில் குனிந்து தன் இரண்டு கால்களையும் பார்த்துக்கொண்டான்.

டாக்டர் தினமும் ஒரு மணி நேரம் நடக்கச் சொன்னார். சொல்லிவிட்டார் மகராசன். கம்பத்தில் ஒரு மனுசன் சும்மா நடக்க முடியுமா என்பது அவருக்குத் தெரியாது, வெளியூர்க்காரர். முதல் நாள் ராஜா முகம்மது வீட்டைவிட்டு இறங்கி முக்கு திரும்புவதற்குள் மூன்று பேர் எங்கே போகிறாய் என்று கேட்டார்கள். சும்மா நடக்கிறேன் என்றால் யாரும் நம்பத் தயாராக இல்லை. ஒருத்தர் வண்டியை நிறுத்தி, ஏறு ஏறு என்று கையைப் பிடித்து இழுத்தார். ஒருத்தர் டீக்கடையில் உட்காரவைத்து, அதுவும் சர்க்கரை தூக்கலாக ஒரு டீயை வாங்கிக் கையில் திணித்தார். இரண்டாம் நாள், சுருளிராஜன் ஜீப்பைப் பிடுங்கிக்கொண்டதால்தான் ராஜா நடந்து திரிகிறான் என்று ஊருக்குள் பேச்சாகிவிட்டது. மூன்றாம் நாள் அவன் நடக்கவில்லை.

சரி, சைக்கிள் மிதிக்கலாம் என்று மைத்துனன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். பின்னால் கேரியர் இருக்கிற சைக்கிள். ஊரில் கேரியர் காலியாகப் போனால் சனங்களுக்குப் பொறுக்குமா? போகும்போது ஒருத்தன் ஏறினான், வரும்போது ஒருத்தி புல்லுக்கட்டை ஏற்றினாள்.

அந்தச் சமயத்தில்தான் மலைமேல் ஒரு எஸ்டேட் மானேஜர் வேலையை முடித்துக்கொண்டு கோட்டயம் பக்கம் கிளம்பினார். சாமான்களை இறக்கிக்கொடுக்க ராஜா முகம்மது போனான். பங்களாவின் பின்னறையில், உடைந்த நாற்காலிகளுக்கு அடியில் ஒரு ரேஸ் சைக்கிள் கிடந்தது. வெள்ளைக்காரத் துரை யாரோ விட்டுப்போனது. ஹேண்டில் ஆட்டுக்கடாவின் கொம்பு மாதிரி இரண்டு பக்கமும் கீழே வளைந்திருந்தது. சக்கரம் இரண்டும் விரல் தடிமன். கேரியர் கிடையாது, மணி கிடையாது, மட்கார்டுகூடக் கிடையாது. யாரும் ஏறவே முடியாத சைக்கிளைப் பார்த்ததும் ராஜாவுக்கு உடம்பெல்லாம் பூரித்துப்போனது. மானேஜர், "எடுத்தோ, எடுத்தோ" என்று கையை வீசினார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்தான். ஹேண்டிலின் இரண்டு வளைவிலும் பிரேக் பிடிக்கிற இரும்புக்கட்டை ஒவ்வொன்று முன்னால் துருத்திக்கொண்டிருந்தது. அதன்மேல் வெயிலில் இளகிய கம்மர்கட்டு மாதிரி பிசுபிசுப்பாக ஏதோ அப்பியிருந்தது. எத்தனை வருச அழுக்கோ என்று கத்தியை வைத்துச் சுரண்டிச் சுத்தமாக எடுத்து எறிந்தான். அது அழுக்கில்லை. கை வைத்துக்கொள்வதற்காக அந்த இரும்புக்கட்டைமேல் போர்த்தியிருந்த ரப்பர் உறை. நைந்துபோயிருந்தாலும் உறை உறைதான். இந்த ஊரில் அப்படி ஒரு சாமானை யாரும் பார்த்ததே இல்லை, அதற்கு ஒரு பெயர்கூட இங்கே கிடையாது. அவனுக்கு எப்படித் தெரியும்?

சாயங்காலம் ஜீப்பை விட்டதும் கைலியை மடித்துக் கட்டி, தலையில் மப்ளரைச் சுற்றி, சுருளிப்பட்டி ரோட்டில் திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே ராஜா முகம்மது பறக்க ஆரம்பித்தான். எங்கே போகிறாய் என்று ஒருத்தர் வாயைத் திறப்பதற்குள் ஆள் அடுத்த தோட்டத்தைத் தாண்டியிருப்பான். தொந்தி முட்டுவதால் கொம்பின் கீழ்வளைவைப் பிடிக்க அவனால் குனிய முடியாது. பிரேக் கட்டை இரண்டையும் பிடித்துக்கொண்டுதான் மிதிப்பான். பின்னாலிருந்து பார்த்தால் ஆட்டைக் கொம்பைப் பிடித்துச் சந்தைக்கு இழுத்துப் போவதுபோல இருக்கும். ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. சிரிக்கட்டும். இரண்டு மாதத்தில் சர்க்கரை இறங்கியது. ரத்தம் பார்த்த டாக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

சர்க்கரை இறங்கிய நேரத்தில் கை போனது.

வெறும் இரும்பைப் பிடித்துப் பிடித்து வலது உள்ளங்கையில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கொப்புளம் கிளம்பியது. கொப்புளம் உடைந்து புண்ணானது. மற்றவனுக்கு என்றால் ஒரு வாரத்தில் காய்ந்துவிடும். சர்க்கரைக்காரன் புண் அப்படியா? காய்கிற மாதிரி காட்டும், மறுநாள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். டாக்டர் கட்டுப்போட்டுவிட்டு, இது ஆறாவிட்டால் கீறவேண்டி வரும், அப்புறம் எதுவரைக்கும் போகும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். எதுவரைக்கும் போகும் என்று ராஜாவுக்குத் தெரியும், அதைத் தன் வீட்டுக் கட்டிலிலேயே பார்த்தவன். சைக்கிளை விட்டால் சர்க்கரை ஏறும், ஏறினால் கால். சைக்கிளை மிதித்தால் புண் ஆறாது, ஆறாவிட்டால் கை. கையில்லாத டிரைவருக்கு சுருளிராஜன் ஜீப்பைக் கொடுத்துவைக்க அது என்ன மாமனார் வீட்டு ஜீப்பா?

அவன் பெண்டாட்டி பாஜிலா அதிகம் பேசுகிறவள் இல்லை. அந்த வீட்டில் பேச்சுக்கான இடத்தையெல்லாம் ஒருத்தனே பிடித்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு அவள் பேசினாள்.

"மாமா காலக் குடுத்தாக. நீங்க கையக் குடுத்துட்டு எத வச்சுப் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊத்துவீக? ஒண்ணு அந்த இரும்புக்கு ரப்பரப் போடுங்க. இல்லன்னா நானே தள்ளிட்டுப் போயி பழைய இரும்புக் கடையில போட்டுட்டு வாறேன்."

தள்ளிக்கொண்டு போவாள் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

ரப்பருக்கு அலைச்சல் ஆரம்பித்தது. கம்பத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த காமராஜ் கட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, இது வேணுமென்றால் இந்தச் சைக்கிளைச் செய்த ஊருக்குத்தான் போகணும், கப்பலில் போ, வெயிலுக்குக் காற்றாட இருக்கும் என்றான். கொம்பு ஹேண்டிலைக் கழற்றிவிட்டு நம்மூர் ஹேண்டிலைப் போட்டு, முன்னால் ஒரு கூடையும் மாட்டித்தருவதாகச் சொன்னான். மாட்டியும் பார்த்தான். அந்தக் குழாயின் அளவே வேறு, நம்மூர்த் தண்டு உள்ளே இறங்கவில்லை. தேனியில் கேட்டான், மதுரையில் பெரிய கடை ஒன்றில் கேட்டான். மதுரைக் கடைக்காரர் குழந்தைகள் சைக்கிளுக்குப் போடுகிற ரோஸ் கலர் பிடி இரண்டை எடுத்து வைத்தார். ராஜா அவரிடம் என்ன சொன்னான் என்பதை இங்கே எழுத முடியாது.

டியூபை வெட்டிச் சுற்றினான். வெயிலில் அது இளகிக் கையெல்லாம் கறுப்பாக அப்பியது. அந்தக் கையோடு வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் மைத்துனனின் வெள்ளைச் சட்டையில் முதுகைத் தட்டி நலம் விசாரித்தான். ஐந்து விரலும் பதிந்துவிட்டது. தட்டியவனுக்கு எரிச்சல் கையில், தட்டு வாங்கியவனுக்கு வயிற்றில். டியூபைச் சுற்றிய மடிப்பு புண்ணிலேயே அழுத்தியதால் அதுவும் உதவாமல் போனது. துண்டைச் சுற்றினான், நழுவியது. தோட்டத்தில் மருந்தடிக்கிற ஆட்கள் போடுகிற கையுறையைப் போட்டான், உள்ளே வேர்த்துப் புண் நசநசத்தது.

சித்திரை முடிகிற சமயம். எஸ்டேட் வாசலில் ஜீப்பை நிறுத்திவிட்டுப் பெண்கள் வருவதற்காகக் காத்திருந்தான். சும்மா இருக்கிற கண் எங்கெங்கோ மேயுமில்லையா? ஜீப்பின் தரையில் கியர் கம்பிக்குப் பக்கத்தில் இரண்டு குட்டிக் கம்பிகள் நிற்கும், நாலு சக்கரத்தையும் சேர்த்து இழுக்க வைப்பதற்காக. டீசல் மிச்சம் என்று சுருளிராஜன் முன்சக்கரத்துக்குப் போகும் தண்டைக் கழற்றிப் போட்டு வருசக்கணக்காகிறது. மலையில் ஓடுகிற ஜீப்களில் பாதி அப்படித்தான் ஓடியது. ஆகவே அந்த இரண்டு கம்பிக்கும் ஒரு வேலையும் இல்லை, சும்மா நிற்கின்றன. ஒவ்வொன்றின் காலையும் சுற்றி, மேலே ஒடுங்கி கீழே அகன்று ஒரு சின்ன ரப்பர். ராஜா குனிந்து அமுக்கிப் பார்த்தான். மெத்தென்று இருந்தது. வெயில் படாத இடம், நைந்திருக்கவும் இல்லை. தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தான். பிரேக் கட்டைக்கென்றே அளவெடுத்து வார்த்த மாதிரி இருந்தது. வேலை இல்லாத கம்பிக்கு எதற்கு ரப்பர் என்று நினைத்தான். நினைத்த மாத்திரத்தில் ஸ்குரூ டிரைவர் கையில் இருந்தது.

வண்டிக்காரன் புத்தியே இதுதான். ஒரு வண்டியில் சும்மா கிடப்பது இன்னொரு வண்டிக்கு ஆகும் என்று தோன்றிவிட்டால் அப்புறம் அவனுக்கு அது திருட்டாகவே படாது. ஆனால் சுருளிராஜனுக்குப் படும். அவர் ஸ்டெப்னி டயரை மாற்றி வைத்ததற்காக ஒரு டிரைவரை நடுரோட்டில் இறக்கிவிட்டவர். அதனால் ராஜா முகம்மது ரப்பரை மடியில் செருகிக்கொண்டு, மதுரையிலிருந்து வந்தது என்று வீட்டில் சொல்லிவிட்டான்.

காமராஜ் பிரேக் கம்பியை அவிழ்த்து, ரப்பரின் உள்ளே சோப்புத் தண்ணீர் தடவி, முன்னாலிருந்து வழுக்கி ஏற்றினான். அடியில் இரண்டு இடத்தில் பிளேடால் நறுக்கியதும் கட்டையோடு கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. எங்கே கிடைத்தது என்று கேட்டான். கப்பலில் வந்தது என்றான் ராஜா.

அன்று சாயங்காலம் சுருளிப்பட்டி வரைக்கும் போய் வந்து கைக்கட்டைப் பிரித்துப் பார்த்தான். துணியில் ஈரம் இல்லை. பத்து நாளில் புண்ணின் ஓரம் சுருங்கியது. வைகாசி பாதி தாண்டியபோது நடுவில் பக்குக் கட்டியிருந்தது. ராஜா முகம்மதுவுக்கு ஊரையே கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அது வழக்கமில்லை என்பதால் எல்லாரையும் கூடக் கொஞ்சம் திட்டினான்.

ஜீப்பில் டிரைவருக்குப் பக்கத்தில், கியர் கம்பியை ஒட்டி உட்காரும் உரிமை முருகம்மாளுக்கு. அறுபதை நெருங்கும் வயசு. வேலைக்கு ஆள் சேர்ப்பது, தோட்டத்தில் கூலிக்குச் சண்டை போடுவது, வராதவளை வீட்டுக்குப் போய் எழுப்பி இழுத்து வருவது எல்லாம் அவள்தான். ராஜாவின் வாய்க்கு அவள் ஒருத்திதான் அசையமாட்டாள். ரப்பர் போன மறுநாளே, காலடியில் அனல் அடிக்கிறதே என்று கேட்டாள். வயசானால் உள்சூடு அப்படித்தான் இருக்கும் ஆத்தா, மோர் குடி என்றான். இரண்டு மூன்று நாள் கேட்டுப் பார்த்தாள். அப்புறம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காலை ஒடுக்கி உட்கார்ந்துகொண்டாள்.

ஆனி பிறந்ததும் மலைக்கு அந்தப் பக்கம் மழை இறங்கியது. கம்பத்தில் சாரல், மெட்டுக்கு மேலே அடைமழை. தோட்டத்து மண்ரோடு கூழாகிவிட்டது. ஒரு பெரிய பள்ளத்தில் ஜீப்பின் முன்சக்கரம் இறங்கிய வேகத்தில், தரையில் அந்த ரப்பர் மூடியிருந்த இரண்டு ஓட்டை வழியாகவும் சேறு பீய்ச்சிக்கொண்டு மேலே வந்தது. முருகம்மாளின் சேலை, மடியில் திறந்து வைத்து வெங்காயத்தோடு குடித்துக்கொண்டிருந்த கஞ்சிச்சட்டி, மூக்குத்தி, எல்லாம் ஒரே செம்மண். பின்னால் இருந்தவர்கள் அலறினார்கள். ராஜா திரும்பிப் பார்த்தான். பார்த்ததும் வாய் சும்மா இருக்குமா?

"பூமாதேவியே வந்து ஒன் மடியில ஒக்காந்துட்டா ஆத்தா. குடுத்து வச்சவ நீ."

முருகம்மாள் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. குனிந்து அந்த இரண்டு கம்பியின் காலடியைப் பார்த்தாள். விரலை விட்டு ஓட்டையைச் சுற்றித் தடவினாள்.

சாயங்காலம் ஜீப்பை விட்டு வீட்டுக்கு வந்து அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. வேறு சேலை கட்டிக்கொண்டு, சேற்றுச் சேலையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முருகம்மாள் வாசலில் நின்றாள். உள்ளே கூப்பிட்ட பாஜிலாவிடம் சேலையை நீட்டி, இது உன் புருசன் கைங்கரியம், நீயே துவைத்துக் கொடு என்றாள். பாஜிலா ஒன்றும் புரியாமல் வாங்கினாள்.

நடையில் சைக்கிள் சாத்தியிருந்தது. முருகம்மாளின் கண் அங்கே போனதும் ராஜா எழுந்து குறுக்கே நின்றான். அவன் நின்று மறைக்கிற அளவுக்குத் தொந்தி இருந்தது, ஹேண்டில் அதைவிட அகலமாக இருந்தது. அவள் அவனை ஒதுக்கிவிட்டுப் போய், பிரேக் கட்டைமேல் கையை வைத்தாள். தினமும் இரண்டு வேளை கணுக்காலில் உரசிக்கொண்டு வந்த ரப்பர் அவளுக்குத் தெரியாதா?

"ஜீப்பு ரப்பருல்ல இது?"

பாஜிலா புருசனைப் பார்த்தாள். மதுரை என்று சொன்னீர்களே என்று அந்தப் பார்வை கேட்டது. ராஜா முதலில் குரலை உயர்த்தினான். வேலையத்த ரப்பர், எவனுக்கு நஷ்டம், ஓட்டைச் சேலைக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று வாய்க்கு வந்தபடி பேசினான். முருகம்மாள் பேசவிட்டாள். அவன் மூச்சு வாங்க நிறுத்தினபோது, சுருளிராஜன் இன்னும் கடையில்தான் இருப்பாக, போகிற வழிதான் என்று மட்டும் சொன்னாள்.

பாஜிலா சேலையைக் கீழே வைத்துவிட்டுச் சைக்கிளைப் பிடித்தாள். இப்பவே கழற்றிக் கொடுத்துவிடுங்க, அப்படியே இதையும் நான் தள்ளிக்கொண்டு போகிறேன் என்றாள். சைக்கிள் சக்கரம் நகர்ந்ததும் ராஜா முகம்மதுவுக்குள்ளே என்னவோ உடைந்துபோனது. அவன் சீட்டைப் பிடித்துக்கொண்டான்.

"எனக்குப் பயமா இருக்கு ஆத்தா" என்றான். "எங்கத்தா துண்டு துண்டாப் போனாரு. நாந்தேன் பக்கத்துல இருந்தேன். இத மிதிக்கலன்னா நானும் அப்பிடித்தேன் போவேன். அந்த ரப்பரு இல்லன்னா கையும் போயிரும். எனக்கு வேற வழி தெரியல."

சொல்லிவிட்டு அழுதான். பதினாறு வருசம் குடும்பம் நடத்திய பாஜிலா அவன் அழுது பார்த்ததில்லை. அத்தா மவுத்தாகி அடக்கத்துக்குத் தூக்கிய அன்றைக்குக்கூட, சந்தூக்குப் பெட்டி இலகுவாக இருக்கிறது என்று சொல்லிப் பெரியவர்களிடம் வசவு வாங்கியவன். அவள் சைக்கிளை விட்டுவிட்டாள்.

முருகம்மாள் அவனுடைய வலது கையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். பக்கைக் கட்டைவிரலால் சுற்றி அமுக்கிப் பார்த்தாள். ஆறிக்கொண்டிருக்கிற புண் அவளுக்குத் தெரியும். தோட்டத்தில் அரிவாள் பட்ட கையெல்லாம் முதலில் அவளிடம்தான் வரும்.

"ஏலே ராசா, ஒன் கையி சரியில்லன்னு எங்களுக்குத் தெரியாதுன்னா நெனச்ச?" என்றாள். "பங்குனியில இருந்து நீ மணிக்கட்ட வச்சு அணைச்சுத்தேன் வளைவு திரும்புற. கியரு மாத்துறப்ப ஒரு கையும் ஸ்டியரிங்குல இருக்காது. முன்னெல்லாம் மெட்டு எறங்குறப்ப பூராப் பேரும் தூங்கிக்கிட்டு வருவோம். இப்ப எவளாச்சும் கண்ண மூடுறாளா? சொல்லு பாப்போம்."

ராஜாவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பங்குனியிலிருந்து இறங்குகிற நேரத்தில் யாரும் தூங்குவதில்லை என்பதை அவனும் கவனித்திருந்தான். தன் பேச்சு அத்தனை ருசியாக இருக்கிறது என்று நினைத்து, மலையில் இருக்கும்போதே புதுசு புதுசாகக் கதை சேர்த்து வைத்துக்கொண்டு வந்தான். பின்னால் பெண்கள் பலகைக் கம்பியை இறுக்கிப் பிடித்தபடி, வளைவுக்கு வளைவு அவன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

பின்னே ஏன் சுருளிராஜனிடம் சொல்லவில்லை என்று கேட்டான்.

"சொன்னா என்ன பண்ணுவாக? ஒன்னைய எறக்கிட்டு அந்தக் குடிகாரப் பயல ஏத்துவாக. ரெண்டு கையிருந்தும் தெளிவில்லாதவனுக்கு, ஒரு கையோட தெளிஞ்சவன் தேவலன்னு உசுரக் கையில பிடிச்சுக்கிட்டு ஒக்காந்துருந்தோம். பின்னால ஒக்கார்ற பவுனு மட்டும் தெனம் ஜீப்புல ஏறுறப்பவே தாலியத் தொட்டுக் கும்பிட்டுக்கிட்டு ஏறுனா."

கையை விட்டாள். சைக்கிள் பக்கம் திரும்பி அந்த ரப்பரை ஒருதரம் தட்டினாள்.

"இது இங்கனயே கெடக்கட்டும். ஓட்டைக்கு நான் வழி பண்ணிக்கிறேன். ஒன் மேல பாசம்னு நெனச்சுக்கிட்டுத் திரியாத. அது ஒன் கையில்ல, நாங்க வீடு போயிச் சேருற கையி."

போகும்போது பாஜிலாவைப் பார்த்து, சேலையை இவனிடம் கொடுத்துத் துவைக்க வைத்துவிடாதே, கை நனையக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் முருகம்மாள் ஒரு பழைய கம்பூட்டோடு வந்தாள். தோட்டத்தில் அட்டைக்குப் பயந்து போடுகிற முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ். அடி கிழிந்துபோனது. அதன் குழலை வெட்டி இரண்டு கம்பிக்கும் பாவாடை மாதிரி மாட்டி, கட்டுக்கம்பியால் இறுக்கினாள். பார்க்கச் சகிக்கவில்லை. சுருளிராஜன் அந்த வாரமே பார்த்துவிட்டு இதென்ன அசிங்கம் என்று கேட்டார். கால் சுடுது மொதலாளி, நாந்தேன் மாட்டச் சொன்னேன் என்று முருகம்மாள் முகத்தை நேராக வைத்துக்கொண்டு சொன்னாள். அவளோடு வழக்காட அவருக்கும் தெம்பில்லை.

கம்பூட்டு மாட்டிய அன்று சாயங்காலம் மழை விட்டிருந்தது. செக்போஸ்ட்டைத் தாண்டி, நடந்து வந்தவர்கள் எல்லாரும் ஏறினார்கள். ராஜா முகம்மது மெட்டின் முதல் வளைவுக்கு வந்ததும் வேகத்தைக் குறைத்தான். பக்கு கொஞ்சம் இழுத்தது, வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வலது கையை முழுசாக விரித்து ஸ்டியரிங்கைப் பிடித்து வளைத்தான். இரண்டாவது வளைவு. மூன்றாவது வளைவு. கீழே கம்பத்துத் தென்னந்தோப்பும் வயல்களும் தெரிய ஆரம்பித்தன. அவனிடம் அன்றைக்கு நல்ல கதை ஒன்று இருந்தது. தோட்டத்துக் கணக்குப்பிள்ளை அட்டையை உதறப்போய் வேட்டியையே உதறிய கதை, நேரிலேயே பார்த்தது. சொல்லலாம் என்று வாயைத் திறந்துகொண்டு கண்ணாடியில் பார்த்தான்.

பவுனு வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் தோளில் ஒருத்தி, அந்த ஒருத்தியின் மடியில் இன்னொருத்தி. பக்கத்தில் முருகம்மாளின் தலை வளைவுக்கு வளைவு ஆடி, கடைசியில் இவன் தோளில் வந்து சாய்ந்தது. ராஜா முகம்மது வாயை மூடிக்கொண்டான். ஊர் வந்து சேரும்வரை அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.